விசுவாசமான கதைசொல்லியை எப்படி வாசிப்பது? ‘மூன்ஸ்டோன்’ நாவலின் கேப்ரியல் பெட்டரெட்ஜ் குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வில்கி காலின்ஸ் எழுதிய ‘மூன்ஸ்டோன்’ 1868 ஜனவரி முதல் ஆகஸ்ட் வரை சார்லஸ் டிக்கன்ஸின் வார இதழில் தொடராக வந்தது. யார்க்‌ஷயரில் உள்ள ஒரு பெருங்குடும்பத்து வீட்டில், 1848 ஜூன் 21 அன்று, ரேச்சல் வெரிண்டர் என்ற இளம்பெண்ணுக்குப் பிறந்தநாள் பரிசாக ஒரு மஞ்சள் வைரம் கிடைக்கிறது. அன்றிரவே அது காணாமல் போகிறது. கதையின் முதல் பெரும்பகுதியைச் சொல்பவர் அந்த வீட்டின் முதிய மேலாளரான கேப்ரியல் பெட்டரெட்ஜ். அவரைப் பற்றி மாணவர்களும் வாசகர்களும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்ட ஐயங்களை அவர்கள் கேட்ட சொற்களிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். நாவலின் முடிவைத் தொடாமல் இந்தக் கேள்விகளுக்குப் பதில் சொல்ல இயலாது என்பதால், இன்னும் படிக்காதவர்கள் படித்துவிட்டு வருவது நல்லது.

பெட்டரெட்ஜ் யார்? அந்த வீட்டில் அவருக்கு என்ன வேலை?

பதினைந்தாவது வயதில் ஒரு பிரபுவின் மாளிகையில் எடுபிடிச் சிறுவனாகச் சேர்ந்து, அந்தப் பிரபுவின் மகள் ஜூலியா திருமணமாகிச் சென்றபோது அவருடனேயே சென்று, அவருடைய நிலங்களைக் கவனிக்கும் கண்காணிப்பாளராக உயர்ந்தவர். அந்த ஜூலியாதான் கதையில் வரும் லேடி வெரிண்டர். பெட்டரெட்ஜுக்கு வயதான பிறகு அவரை வெளிவேலையிலிருந்து விடுவித்து வீட்டுக்குள் மேலாளராக அமர்த்துகிறார் லேடி வெரிண்டர். கதை நடக்கும்போது அவர் எழுபதைக் கடந்தவர். அந்தக் குடும்பத்தில் ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் ஊழியம் செய்தவர். மனைவி எப்போதோ இறந்துவிட்டார். ஒரே மகள் பெனலோப்பி, ரேச்சலின் பணிப்பெண்ணாக அதே வீட்டில் இருக்கிறாள்.

ஒரு திருட்டுக் கதையை வீட்டு மேலாளர் ஏன் சொல்ல வேண்டும்? துப்பறிபவர் அல்லவா சொல்ல வேண்டும்?

எல்லாம் முடிந்த பிறகு, ரேச்சலின் உறவினரும் பின்னாளில் கணவருமான ஃபிராங்க்ளின் பிளேக், நடந்ததை எழுத்தில் பதிந்து வைக்க விரும்புகிறார். குடும்ப வழக்கறிஞர் புரூஃபின் ஆலோசனைப்படி ஒரு விதி வகுக்கப்படுகிறது: ஒவ்வொருவரும் தாம் நேரில் அறிந்த இடத்தில் தொடங்கி, தம் அறிவு முடியும் இடத்தில் நிறுத்த வேண்டும். நீதிமன்றத்தில் சாட்சிகள் அடுத்தடுத்துக் கூண்டில் ஏறுவதைப் போன்ற ஏற்பாடு இது. வைரம் வீட்டுக்குள் வந்ததையும் மறைந்ததையும் முழுமையாக அறிந்தவர் பெட்டரெட்ஜ் என்பதால் முதல் சாட்சி அவர். 1850 மே 21 அன்று பிளேக் தம்மிடம் வந்து இதைக் கேட்டதாக அவரே எழுதுகிறார்.

இரண்டு ஆண்டுகளுக்கு முந்தைய தேதிகள் அந்த முதியவருக்கு எப்படி நினைவில் இருந்தன என்றால், பெனலோப்பி பள்ளிக்காலத்திலிருந்தே நாட்குறிப்பு எழுதி வந்தாள். அவள் அதைப் பார்த்துச் சொல்லச் சொல்ல இவர் எழுதுகிறார். நாட்குறிப்பைத் தந்தையிடம் கொடுக்க மட்டும் அவள் மறுத்துவிடுகிறாள். ஆகவே அவருடைய சாட்சியத்துக்குள் இன்னொருவருடைய சாட்சியமும் கலந்திருக்கிறது என்பதை வாசகர் தொடக்கத்திலேயே கவனிக்க வேண்டும்.

இவரும் டாக்டர் வாட்சனும் ஒரே வகைதானே?

இருவரும் விசுவாசமான கதைசொல்லிகள் என்பது வரைக்கும் சரி. ஆனால் விசுவாசம் யாரிடம் என்று பார்த்தால் இருவரும் எதிரெதிர்த் திசைகளில் நிற்கிறார்கள். 1887-இல் முதன்முதலாக அச்சில் தோன்றிய வாட்சனின் விசுவாசம் துப்பறிபவரிடம். ஷெர்லக் ஹோம்ஸ் உண்மையை நெருங்க நெருங்க வாட்சனின் மகிழ்ச்சி கூடுகிறது. பெட்டரெட்ஜின் விசுவாசமோ துப்பறிபவர் சந்தேகிக்கும் குடும்பத்திடம். வைரத்தைக் கண்டுபிடிக்க வரும் துப்பறிவாளர் சார்ஜென்ட் கஃப் ஒரு படி முன்னேறும்போதெல்லாம் இவருடைய நெஞ்சு ஒரு படி இறங்குகிறது.

ஆயினும் இவருக்கும் துப்பறியும் ஆசை தொற்றிக்கொள்கிறது. வயிற்றில் ஒருவகைச் சூடும் உச்சந்தலையில் ஒருவகைத் துடிப்புமாக வரும் அந்த நிலைக்கு அவரே ‘துப்பறியும் காய்ச்சல்’ என்று பெயர் வைக்கிறார். கஃபை வெறுத்துக்கொண்டே அவரை விரும்பாமல் இருக்க முடியவில்லை என்று ஒப்புக்கொள்கிறார். குடும்பத்தைக் காக்க வேண்டும் என்ற கடமையும் உண்மையை அறிய வேண்டும் என்ற வேட்கையும் ஒரே மனிதருக்குள் மோதுவதுதான் இந்தப் பாத்திரத்தின் உயிர். வாட்சனுக்கு அத்தகைய மோதல் பெரும்பாலும் நேர்வதில்லை.

எப்போது பார்த்தாலும் ‘ராபின்சன் குரூசோ’வைத் திறந்து வைத்துக்கொள்கிறாரே, அது வெறும் சிரிப்புக்காகவா?

சிரிப்பு இருக்கிறது. ஆறு பிரதிகளைப் படித்துப் படித்தே தேய்த்துவிட்டதாகவும், ஏழாவதை எஜமானி தமது பிறந்தநாளில் பரிசளித்ததாகவும், நீல அட்டையும் ஒரு படமும் கொண்ட அதன் விலை நான்கு ஷில்லிங் ஆறு பென்ஸ் என்றும் அவர் சொல்வதைப் புன்னகையில்லாமல் படிக்க முடியாது. மனம் கலங்கும்போதெல்லாம் புகைக்குழாயைப் பற்றவைத்து அந்தப் புத்தகத்தைப் புரட்டி, கண்ணில் படும் வரியை வருவதுரைப்பதாக எடுத்துக்கொள்கிறார்.

ஆனால் அந்தப் பழக்கம் அவர் எப்படிச் சிந்திக்கிறார் என்பதையும் காட்டுகிறது. கஃப் தடயத்திலிருந்து முடிவுக்குச் செல்கிறார். பெட்டரெட்ஜ் நம்பிக்கையிலிருந்து தொடங்கி அதற்கான சான்றைப் பிறகு தேடுகிறார். இந்த வேறுபாட்டை மனத்தில் வைத்துக்கொண்டால் நாவலின் மையத்துக்கு எளிதில் வந்துவிடலாம்.

எஜமானி மீது இவ்வளவு பக்தி வைத்திருப்பது அடிமைப் புத்தி இல்லையா?

1847 கிறிஸ்துமஸ் நாளில் லேடி வெரிண்டர் அவருடைய குடிலுக்கு வருகிறார். எத்தனை ஆண்டுகள் ஊழியம் செய்திருக்கிறார் என்று கணக்குப் போடச் சொல்கிறார். பிறகு தம் கையால் பின்னிய கம்பளி வேஸ்ட்கோட் ஒன்றை அவர் கையில் கொடுக்கிறார். நன்றியால் வாயடைத்துப் போன பெட்டரெட்ஜ், சற்று நேரத்தில் அந்த வேஸ்ட்கோட் கௌரவத்துக்காக மட்டும் வந்ததல்ல, தம்மை வெளிவேலையிலிருந்து விலகச் சம்மதிக்க வைக்கவும் வந்தது என்று கண்டுகொள்கிறார். அன்புக்குள் இருந்த நோக்கத்தைத் தெளிவாகப் பார்க்கிறார். பார்த்த பின்பும் அந்த அன்பைப் பொய் என்று தள்ளிவிடுவதில்லை. இந்த இரண்டையும் ஒன்றாகத் தாங்கக்கூடிய மனத்தை அடிமைப் புத்தி என்று ஒரே சொல்லில் அடைத்துவிட நான் உடன்படமாட்டேன்.

மேட்டுக்குடியினரைப் பற்றிய அவருடைய கணிப்பும் கூர்மையானது. உழைக்கத் தேவையில்லாதவர்கள் பொழுதைக் கழிக்க வழியின்றி வண்டுகளையும் சிலந்திகளையும் பிடித்துக் குத்திவைப்பதை அறிவுத் தேட்டம் என்று எண்ணிக்கொள்கிறார்கள் என்று ஓரிடத்தில் அவர் விவரிப்பது, வேலைக்காரர்களின் அறையில் மட்டுமே பிறக்கக்கூடிய விமர்சனம். அதே சமயம் அவருடைய விமர்சனம் அந்த ஏற்பாட்டையே மாற்ற வேண்டும் என்ற இடத்துக்கு ஒருபோதும் போவதில்லை என்பதும் உண்மை.

விசுவாசமுள்ளவர் என்றாலே ஒருதலைப்பட்சம்தானே, அவர் சொல்வதை எப்படி நம்புவது?

ஒருதலைப்பட்சமாக இருப்பதும் பொய் சொல்வதும் வேறு வேறு. பெட்டரெட்ஜ் ரேச்சலின் பக்கம் நிற்பதை ஒளிக்கவில்லை. அவளுக்கு எதிரான சான்றுகளையும் ஒளிக்கவில்லை. தன் அறைக் கதவில் ஈர வண்ணப்பூச்சு தேய்ந்திருந்ததை விசாரிக்க வரும் கஃபுடன் அவள் ஒத்துழைக்க மறுக்கிறாள். வீட்டிலுள்ள அனைவருடைய துணிகளையும் சோதிக்கக் கேட்டபோது அவள் மட்டும் அனுமதி தர மறுக்கிறாள். விசாரணை முடியும் முன்பே வீட்டைவிட்டுப் புறப்படுகிறாள். இவை அனைத்தையும் நமக்குச் சொல்பவர் அவர்தான். கஃப் விலக்கப்பட்டுப் போகும்போது மூன்று செய்திகள் வரும் என்று முன்கூட்டிச் சொல்கிறார். அவை ஒவ்வொன்றும் பலித்ததையும் பெட்டரெட்ஜ் தம் கையால் பதிவு செய்கிறார். தமக்குப் பிடிக்காத உண்மையை எழுதும் சாட்சியை, பிடித்த உண்மையை மட்டும் எழுதும் சாட்சியைவிட நான் அதிகம் நம்புவேன்.

இதை ஆராய மிகவும் பொருத்தமான காட்சி, கஃபின் சட்டைக் கழுத்தைப் பிடித்து அவர் சுவரோடு அழுத்தும் இடம். ரேச்சலிடம் ஏதோ தவறு இருக்கிறது, அதை இவ்வளவு நேரமும் என்னிடம் மறைத்தாய் என்று அவர் கத்துகிறார். கஃப் கையைக்கூட அசைக்காமல், ஒருவழியாகக் கண்டுபிடித்துவிட்டீர்களே என்ற பொருளில் அமைதியாகப் பதிலளிக்க, பெட்டரெட்ஜின் கை தளர்ந்து விழுகிறது. ரேச்சல் குழந்தையாக இருந்தபோது தம் மடியில் ஏறி மீசையை இழுத்து விளையாடியவள் என்பதை நினைவில் வைத்துத் தம்மை மன்னிக்குமாறு அவர் வாசகரிடம் வேண்டுகிறார். கோபம் வந்ததற்குக் காரணம் கஃப் சொன்ன பொய் அல்ல. தாமே உள்ளுக்குள் சந்தேகிக்கத் தொடங்கியிருந்தார் என்பதே. ஆத்திரத்தையும் அதன் காரணத்தையும் சேர்த்தே எழுதிவைக்கும் நேர்மை அவருக்கு இருக்கிறது.

‘கடவுளுக்கு நன்றி, நான் இயல்பிலேயே பகுத்தறிவுக்கு மேலானவன்’ என்கிறாரே, ஆசிரியர் அவரைக் கேலி செய்கிறாரா?

நாவல் முழுவதிலும் எனக்கு மிகவும் முக்கியமாகத் தோன்றும் வரி இதுதான். ரேச்சலுக்கு எதிராகக் கஃப் சான்று மேல் சான்றாக அடுக்குகிறார். அவள் தன் கடனை அடைக்கத் தன் வைரத்தையே மறைத்தாள் என்பது அவர் முடிவு. அவர் சொன்ன தகவல் எதையும் மறுக்க முடியவில்லை என்பதை ஒப்புக்கொண்ட பிறகுதான் பெட்டரெட்ஜ் இப்படிச் சொல்லி, எஜமானியின் கருத்தே தம் கருத்து என்று உறுதியாக நிற்கிறார். முதல் வாசிப்பில் பாமர முதியவர் ஒருவருடைய பிடிவாதமாக இது நம்மைச் சிரிக்க வைக்கிறது.

இரண்டாம் வாசிப்பில் அந்தச் சிரிப்பு நம் பக்கம் திரும்புகிறது, ஏனென்றால் அவர் சொன்னதுதான் சரி. வைரத்தை எடுத்தவர், தமக்குத் தெரியாமல் கொடுக்கப்பட்ட அபினியின் மயக்கத்தில் நடந்த பிளேக். அதைக் கண்ணால் கண்ட ரேச்சல், அவரை நேசித்ததால் வாய்திறக்கவில்லை. கஃபின் தகவல்கள் அனைத்தும் உண்மையாக இருந்தும் அவற்றிலிருந்து அவர் கட்டிய கதை பொய்யாகிவிடுகிறது. பின்னர் அவரே தம் தவறை ஒப்புக்கொள்கிறார். ஒரு மனிதரை நெடுங்காலம் பக்கத்திலிருந்து அறிந்த அறிவும் அறிவுதான் என்று காலின்ஸ் வாதாடுகிறார் என்றே நான் வாசிக்கிறேன்.

1868-இன் வாசகர்களுக்கு இந்த மோதல் புதிதல்ல. லண்டன் காவல்துறையில் துப்பறியும் பிரிவு 1842-இல்தான் தொடங்கியது. 1860-இல் வில்ட்ஷயரின் ரோடு என்ற ஊரில் ஒரு சிறுவன் கொல்லப்பட்டபோது, துப்பறிவாளர் ஜோனதன் விச்சர் காணாமல் போன ஓர் இரவு உடையை வைத்து அந்த வீட்டின் மகளான கான்ஸ்டன்ஸ் கென்ட்டைச் சந்தேகித்தார். கண்ணியமான குடும்பத்துக்குள் நுழைந்து பெண்ணைக் குற்றம்சாட்டுவதா என்று பெரும் எதிர்ப்பு எழுந்தது. 1865-இல் கான்ஸ்டன்ஸ் தாமே குற்றத்தை ஒப்புக்கொண்டார். அங்கே துப்பறிவாளர் சரி, பொதுமக்களின் கோபம் தவறு. காலின்ஸ் அந்த இரவு உடையையும் அந்தக் கோபத்தையும் எடுத்துக்கொண்டு முடிவை மட்டும் தலைகீழாக்கியிருக்கிறார். ஆகவே பெட்டரெட்ஜின் வரி வெற்றுக் கேலியாக இருக்க முடியாது.

அப்படியானால் விசுவாசம்தான் சரி என்று நாவல் சொல்கிறதா? ரோசன்னா விஷயத்தில் அவர் தவறவில்லையா?

தவறினார். ரோசன்னா ஸ்பியர்மேன் அந்த வீட்டின் இரண்டாம் பணிப்பெண். முன்பு திருடியாக இருந்து, சீர்திருத்த இல்லத்திலிருந்து லேடி வெரிண்டரால் அழைத்து வரப்பட்டவள். அவளுடைய பழைய வாழ்க்கை வீட்டில் எஜமானிக்கும் ரேச்சலுக்கும் பெட்டரெட்ஜுக்கும் மட்டுமே தெரியும். பெட்டரெட்ஜ் அதை யாரிடமும் சொல்லவில்லை. நடுங்குமணல் என்று பெயர் பெற்ற புதைமணற் கரையில் அவள் தனியே அமர்ந்திருக்கும்போது பக்கத்தில் போய் உட்கார்ந்து பரிவாகப் பேசுகிறார். அவருடைய கோட்டில் தான் முன்பு போக்கிய கறையைக் காட்டி, கறை போய்விட்டது, ஆனால் இடம் தெரிகிறது என்கிறாள் அவள். தன்னைப் பற்றித்தான் சொல்கிறாள் என்பதும் அவருக்குப் புரிகிறது.

இவ்வளவு பரிவு இருந்தும், அவள் பிளேக்கைக் காதலிக்கிறாள் என்று பெனலோப்பி சொன்னதும் அவர் சிரித்துவிடுகிறார். பிறகு கஃபிடம் அந்தப் பெண்ணுக்குப் பிளேக் மீது பைத்தியம் என்று சொல்லும்போது, அழகில்லாதவளாகவும் வேலைக்காரியாகவும் இருப்பதுதான் அவளுடைய பைத்தியம் என்று சொல்லுங்கள் என்கிறார் கஃப். வெளியிலிருந்து வந்த காவல்துறைக்காரருக்கு ஒரு நொடியில் தெரிந்தது, ஒரே கூரையின் கீழ் வாழ்ந்தவருக்குத் தெரியவில்லை. ரேச்சலைப் பற்றிய நெருக்கமான அறிவு அவருக்கு ஐம்பது ஆண்டு ஊழியத்தால் கிடைத்தது. தம்முடன் உழைக்கும் ஒரு பெண்ணின் மனத்தை அதே கண்களால் பார்க்க அந்த ஊழியம் அவருக்குக் கற்றுத்தரவில்லை. முந்தைய பதிலில் நான் புகழ்ந்த அறிவின் எல்லை இங்கே தெரிகிறது.

ரோசன்னா அந்த மணலிலேயே உயிரை விடுகிறாள். அவருக்கு அவள் விட்டுச் செல்லும் சிறு கடிதத்தில், இன்னும் ஒரு முறை தன்னை மன்னிக்குமாறு வேண்டி, அவருடைய அன்புக்கு நன்றி சொல்கிறாள். படித்ததும் முதியவர் தேம்பி அழுகிறார். அவளுடைய தோழியான ஊனமுற்ற லூசி, ஏழைகள் பணக்காரர்களுக்கு எதிராக எழும் நாள் தொலைவில் இல்லை, அது பிளேக்கிடமிருந்தே தொடங்கட்டும் என்று அவர் முகத்துக்கு நேரே சபிக்கிறாள். அவர் அதற்கு உடன்படவில்லை. ஆனால் ஒரு சொல்லும் குறைக்காமல் எழுதி வைத்திருக்கிறார்.

பெண்களைப் பற்றி மட்டமாகப் பேசுகிறாரே, அதை எப்படி எடுத்துக்கொள்வது?

வாரச் சம்பளம் கொடுத்து வேலைக்கு வைத்துக்கொள்வதைவிட மணந்துகொள்வது சிக்கனம் என்று கணக்குப் பார்த்து செலினா கோபியை மணந்ததாக அவர் சொல்வதை நயமாக்க நான் முயலமாட்டேன். கதைக்குள்ளேயே அதற்கு மறுப்பு இருக்கிறது என்பதை மட்டும் சுட்டிக்காட்டலாம்: ரோசன்னாவின் காதல் விஷயத்தில் பெனலோப்பியின் கணிப்பே தந்தையின் கணிப்பைவிடத் துல்லியமானது.

இந்தியர்களை அவர் பார்க்கும் விதம் இன்று படிக்க உறுத்துகிறது. அதற்கு என்ன சொல்வது?

உறுத்த வேண்டும். வைரத்தைத் தேடி வித்தைக்காரர் வேடத்தில் வரும் மூன்று அந்தணர்களைப் பார்த்ததும், தம்மைவிடக் கறுத்தவர் என்பதற்காக யாரையும் சந்தேகிப்பவன் நானல்ல என்று தொடங்கி, வெள்ளிப் பாத்திரங்கள் வெளியே இருக்கும்போது தம்மைவிட நாகரிகமாக நடந்துகொள்ளும் அந்நியர்கள் வந்தால் பாத்திரங்களின் நினைவு வந்துவிடுகிறது என்று முடிக்கிறார். அமைதியான ஆங்கில வீட்டுக்குள் ஓர் இந்திய வைரம் பேய்போலப் புகுந்துவிட்டது என்பது அவர் பார்வை. அவருடைய உலகத்தின் எல்லை வெரிண்டர் வீட்டு மதில்தான்.

நாவலின் எல்லை அதுவல்ல. பெட்டரெட்ஜ் பேசத் தொடங்கும் முன்பே ஒரு முகவுரை வந்துவிடுகிறது: 1799 மே 4 அன்று ஸ்ரீரங்கப்பட்டணம் வீழ்ந்தபோது, ரேச்சலின் தாய்மாமன் ஜான் ஹெர்ன்காஸல் காவலர்களைக் கொன்று அந்த வைரத்தைக் கொள்ளையடிக்கிறார். இறுதியிலோ மர்த்வெயிட் என்ற பயணி, சோமநாதத்தில் சந்திரக் கடவுளின் நெற்றியில் வைரம் மீண்டும் ஒளிர்வதைக் கண்டு எழுதுகிறார். ஹெர்ன்காஸல் பெரும் கயவன் என்று பெட்டரெட்ஜே சொல்கிறார். அப்படியானால் வைரம் யாருடையது என்ற அடுத்த கேள்விக்கு மட்டும் அவர் போவதில்லை. ரோசன்னாவிடம் நின்றுபோன அதே பார்வை இங்கும் நின்றுபோகிறது.

கட்டுரை எழுத எந்த இடங்களை எடுத்துக்கொள்ளலாம்?

வேஸ்ட்கோட், கஃபின் கழுத்தைப் பிடித்தல், பகுத்தறிவு பற்றிய வரி, ரோசன்னாவின் கடிதம் ஆகிய நான்கும் போதும். பண்புகளைப் பட்டியலிட்டு ஒவ்வொன்றுக்கும் ஒரு மேற்கோள் ஒட்டுவதைவிட, ஒரே காட்சியில் அவருடைய இரண்டு குணங்கள் மோதுவதைக் காட்டினால் கட்டுரை உயிர்பெறும்.

எழுதும்போது முடிவு அவருக்குத் தெரியும், எழுதச் சொன்னவரோ வைரத்தை எடுத்த பிளேக். இது வாசகரை ஏமாற்றுவதாகாதா?

இரண்டு கேள்விகள் இதற்குள் இருக்கின்றன. முதலாவது எளிது. 1850-இல் எல்லாம் தெரிந்தும், 1848-இல் தமக்குத் தெரிந்ததை மட்டுமே சொல்கிறார்; நான் மேலே குறிப்பிட்ட விதி அவரைக் கட்டுப்படுத்துகிறது. அதை அவர் மறைக்கவும் இல்லை. தம் பகுதியை முடிக்கும்போது, இதற்குமேல் சொல்ல எனக்கு அனுமதியில்லை என்று வெளிப்படையாகவே வாசகரிடம் விடைபெறுகிறார்.

இரண்டாவது கடினமானது. 1849 அக்டோபர் 9 அன்று ரேச்சலை மணந்த பிளேக், பெட்டரெட்ஜ் எழுத உட்காரும்போது அந்த வீட்டின் எஜமானர். யாருடைய பெயரைக் காக்க இந்தத் தொகுப்பு உருவாகிறதோ, அவருடைய ஊழியர்தான் முதல் சாட்சி. எந்தக் கையெழுத்துப் பிரதியிலும் எதையும் சேர்க்கவோ மாற்றவோ நீக்கவோ மாட்டேன் என்று, இன்னொரு கதைசொல்லியான மிஸ் கிளாக் எழுதிய பகுதியின் அடிக்குறிப்பில் பிளேக் உறுதி தருகிறார்; ஆனால் அந்த உறுதியைத் தருபவரும் அவரேதான். எனவே பெட்டரெட்ஜ் பிளேக்கை எப்படிக் காட்டுகிறார் என்பதைத்தான் சோதித்துப் பார்க்க வேண்டும். ரோசன்னாவின் காதில் விழும்படி, அவள்மீது தமக்கு எந்த அக்கறையும் இல்லை என்று பிளேக் சொன்னது, அது அவளைக் காப்பதற்காகச் சொல்லப்பட்டதாயினும், பெட்டரெட்ஜின் பக்கங்களில் இருக்கிறது. லூசியின் சாபம் இருக்கிறது. பிளேக் வெளிநாடுகளில் கடன் வாங்கியே காலம் கழித்தது இருக்கிறது. சிறுவனாக இருந்தபோது தம்மிடம் ஓர் உருண்டைக் கயிறும் நான்கு அலகுக் கத்தியும் ஏழு ஷில்லிங் ஆறு பென்ஸும் வாங்கிக்கொண்டு போனதையும், அந்தப் பணத்தைத் தாம் திரும்பப் பார்க்கவே இல்லை, இனிப் பார்க்கப்போவதும் இல்லை என்பதையும், அந்த எஜமானரே படிக்கப்போகும் தாளில் எழுதி வைத்திருக்கிறார் பெட்டரெட்ஜ்.